புயல் மழைக்குக் களியும் பிதுக்கம்பருப்பும்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு

கடல் எங்கேயோ இருக்கிறது, புயல் நம்மை என்ன செய்துவிடும் என்று இந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்பதுண்டு. ஊத்தங்கரை, அரூர்க்காரர்கள் இப்போது அப்படிக் கேட்பதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகமெல்லாம் கரையோடு குறைந்துவிட்டது. மழை மட்டும் மெல்ல மெல்ல மேற்கே நகர்ந்து வந்து, டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை எங்கள் தலைக்கு மேல் நின்றுகொண்டது. மறுநாள் காலை எட்டரை மணிக் கணக்குப்படி ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர் மழை. ஆண்டு முழுக்கப் பெய்தாலே சுமார் 85 சென்டிமீட்டர்தான் வரும் பூமி இது. ஏரி நிரம்பி வழிந்து, ஊத்தங்கரையில் சாலையோரம் நின்ற வேன்களையும் பேருந்துகளையும் தண்ணீர் இழுத்துப் போன காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை. மாடியில் குடியிருந்த இரண்டு தம்பிகள் வேலைக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள். அவர்களிடம் இருந்தது இண்டக்‌ஷன் அடுப்பு, எலெக்ட்ரிக் குக்கர், இரண்டு பாக்கெட் பிரெட். முதல் நாள் மதியமே பிரெட் தீர்ந்துவிட்டது. கீழே கூப்பிட்டு உட்காரவைத்து, என் மாமியார்தான் அவர்களுக்குக் களி கிண்டக் கற்றுக்கொடுத்தார். அன்று டார்ச் வெளிச்சத்தில் அவர் சொன்னதையும், நாங்கள் இங்கே வழக்கமாகச் செய்வதையும் சேர்த்து எழுதுகிறேன். புயல் நாளில் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டால் சூடாக, வயிறு நிறைய, மின்சாரமே இல்லாமல் சமைக்க இந்த ஊர் மண்ணிலேயே எல்லாம் விளைகிறது. கேழ்வரகு, கொள்ளு, மொச்சை, புளி எல்லாமே மானாவாரி நிலத்தின் பண்டங்கள். குளிர்பெட்டியை நம்பி நிற்காதவை. அவற்றைச் சமைக்கத் தெரிந்துகொண்டால் போதும்.

எச்சரிக்கை வந்த அன்றே

ஒரு நல்ல விஷயம், கடற்கரைக்காரர்களைவிட நமக்கு நேரம் கிடைக்கிறது. பெரும்பாலும் புயல் கரையைத் தொட்ட பிறகுதான் பெருமழை இங்கே வந்து சேரும். வானிலை மையம் 'மிக கனமழை' என்றால் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை என்று அர்த்தம். 21-ஐத் தாண்டினால் 'அதி கனமழை'. நம் மாவட்டத்தின் பெயர் அந்த இரண்டு பட்டியலில் எதில் வந்தாலும் அன்று சாயங்காலத்துக்குள் நான்கு வேலைகளை முடித்துவிடுங்கள்.

முதல் வேலை தண்ணீர். இரண்டு மாவட்டத்துக்கும் குடிக்க வருவது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் காவிரித் தண்ணீர். இந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் அந்தத் திட்டமே வந்தது. மின்சாரம் போனால் குழாயில் தண்ணீர் வருவது நிச்சயமில்லை, மாடித் தொட்டிக்கு மோட்டார் போடவும் முடியாது. ஆகவே குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று கணக்குப் போட்டு, மூன்று நாளைக்கு மூடியுள்ள குடத்தில் பிடித்து வையுங்கள். போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. இன்னொன்று, உப்பும் சுண்ணாம்பும் கலந்த அந்தத் தண்ணீரில் கொள்ளும் மொச்சையும் எத்தனை விசில் விட்டாலும் கல் மாதிரியே நிற்கும். பருப்பு வேகவைக்க ஒகேனக்கல் தண்ணீரை எடுத்துவைப்பது எங்கள் வீட்டில் புயல் இல்லாத நாளிலும் வழக்கம்.

இரண்டாவது வேலை எரிவாயு. சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லையா? ஈரத்துணியால் சிலிண்டரைச் சுற்றித் துடைத்துவிட்டுச் சில நிமிடம் பாருங்கள். வாயு திரவமாக இருக்கும் மட்டம் வரை ஈரம் மெதுவாகக் காயும், அதற்கு மேலே சீக்கிரம் காய்ந்துவிடும். கோடு அடியோடு அடியாக இருந்தால் உடனே ஏற்பாடு செய்யுங்கள். இண்டக்‌ஷனை மட்டும் வைத்திருக்கும் அறைவாசிகள் 5 கிலோ சிறிய சிலிண்டர் ஒன்றும் ஒற்றை அடுப்பும் வாங்கி வையுங்கள். அடையாள அட்டையைக் காட்டினால் அந்தச் சிலிண்டர் கிடைக்கும்.

மூன்றாவது, அரைக்க வேண்டியதை எல்லாம் அரைத்துவிடுவது. தேங்காய், இஞ்சி, பூண்டு, மிளகு சீரகப் பொடி, இவை எல்லாம் மின்சாரம் இருக்கும்போதே முடிய வேண்டும். அரைத்த தேங்காய் வெளியில் வைத்தால் சீக்கிரம் புளித்துவிடும், அதனால் முதல் நாள் குழம்புக்கு மட்டும் அரையுங்கள். மற்ற நாளுக்கு முழுத் தேங்காயாகவே வையுங்கள், துருவிப் போட்டுக்கொள்ளலாம். பூண்டு, மிளகு நசுக்கச் சின்ன இடிகல் ஒன்று வாங்கினால் வாழ்நாளுக்கும் போதும்.

நான்காவது ஊறவைப்பது. கொள்ளு ஒரு பாத்திரத்தில், காய்ந்த மொச்சை ஒரு பாத்திரத்தில். மழை தொடங்கும்போது இரண்டும் ஊறித் தயாராக இருந்தால் பாதிச் சமையல் முடிந்த மாதிரி. இட்லி மாவை மட்டும் அந்த நேரத்தில் நிறைய அரைத்து வைக்காதீர்கள். 2024-ல் நான் செய்த தவறு அதுதான். நான்கு நாள் மாவு, இரண்டாம் நாள் காலையில் பொங்கி வழிந்து, குளிர்பெட்டிக்குள் தட்டு முழுக்கப் புளித்து ஓடியது.

எது முதலில், எது கடைசியில்

கெட்டுப்போவதை முதலில் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. முதல் நாள் பால், தயிர், மாவு, கீரை. மின்சாரம் போனபின் குளிர்பெட்டியைத் திறக்காமல் விட்டால் சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். அதற்குள் பாலை எடுத்துக் காய்ச்சி, பாதியைத் தோய்த்துவிடுங்கள், மறுநாள் கூழுக்கு மோர் ஆகும். இரண்டாம் நாள் பரங்கிக்காய், கத்திரிக்காய், உருளைக்கிழங்கு. மூன்றாம் நாளைக்கு, ஊறவைக்காமல் மிச்சம் வைத்த கொள்ளும் மொச்சையும், கருவாடும் இருக்கவே இருக்கின்றன.

தக்காளிக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை, ராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் பெரிய மண்டிகள். மழைக்கு முன்னால் ஒரு கிலோ வாங்கித் தொக்கு செய்து வையுங்கள். நறுக்கிய தக்காளியை நெல்லிக்காய் அளவு புளியோடு மூடாமல் வதக்கி, தண்ணீர் சுண்டியதும் நான்கு கரண்டி நல்லெண்ணெய், இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், உப்பு, வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை கிளறினால் போதும், குளிர்பெட்டி இல்லாமலே மூன்று நாள் தாங்கும். ஈரக்கரண்டி மட்டும் படக்கூடாது.

களி

கடையில் 'ராகி' என்று கேளுங்கள், எழுத்தில்தான் கேழ்வரகு. தமிழ்நாட்டில் கேழ்வரகு அதிகம் விளையும் மாவட்டங்களில் கிருஷ்ணகிரி முக்கியமானது. பையூரில் இருக்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ராகி, சாமை, கொள்ளு எல்லாவற்றிலும் 'பையூர்' என்ற பெயரோடே ரகங்கள் வந்திருக்கின்றன. தருமபுரி மாவட்டத்தில் ரேஷன் அட்டை இருந்தால் இன்னும் சுலபம். 2023-ல் தருமபுரி, நீலகிரி இரண்டு மாவட்டங்களில்தான் முதன்முதலாக அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். பாக்கெட் மாவைவிட, கேழ்வரகை வாங்கிக் கல் பொறுக்கிக் காயவைத்து மாவு மில்லில் அரைப்பது நல்லது. மில்லிலிருந்து வரும்போது மாவு சூடாக இருக்கும். பேப்பரில் பரப்பி நன்றாக ஆறவிட்டுத்தான் டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்துக் கட்டி பிடிக்கும், மழைக்காலத்தில் பூச்சியும் வரும்.

நான்கு பேருக்கு அளவு: ராகி மாவு இரண்டு டம்ளர், அரிசி நொய் அரை டம்ளர், தண்ணீர் ஐந்தரை டம்ளர், உப்பு ஒரு தேக்கரண்டி. நொய் இல்லையென்றால் அரிசியை இடிகல்லில் ஒன்றிரண்டாக நசுக்கிக்கொள்ளுங்கள். பழைய சோறு ஒரு கை மிச்சமிருந்தாலும் போதும். பாத்திரம் அடிகனமாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அலுமினியக் குண்டான். உங்களிடம் ஐந்து லிட்டர் குக்கர் இருந்தால் அதுவே புதியவர்களுக்குச் சௌகரியம், பிடி இருப்பதால் ஒரு கையால் பிடித்துக்கொண்டு கிண்டலாம். கிண்டுவதற்குத் துடுப்பு, அதாவது தட்டையான மரக்கட்டை. சந்தையில் மரச்சாமான் விற்பவரிடம் கிடைக்கும். சாதாரணக் கரண்டியால் முயன்றால் காம்பு வளைந்துவிடும்.

தண்ணீரில் உப்பும் நொய்யும் போட்டு மலர வேகவிடுங்கள். நொய்யை விரலால் நசுக்கினால் குழைய வேண்டும். அடுப்பைக் கூட்டி, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒரு டம்ளர் கொதிநீரைத் தனியாக எடுத்து வையுங்கள். அப்புறம் மாவு முழுவதையும் நடுவில் ஒரே குவியலாகக் கொட்டுங்கள். கொட்டியதும் கிண்டக்கூடாது. எல்லாப் புதியவர்களும் தவறு செய்யும் இடம் இது. மாடித் தம்பிகளில் ஒருவர் கரண்டியை எடுத்துவிட்டார். "தம்பி, கைய எடு. மாவு அதுவா வேகட்டும்," என்றார் மாமியார். கொட்டியவுடன் கலக்கினால் மாவு வெளியே கட்டி கட்டியாகி, உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். அந்தக் கட்டிகளை அப்புறம் எதைச் செய்தும் உடைக்க முடியாது.

குவியலின் நடுவில் துடுப்புக் காம்பால் அடிவரை ஒரு குழி குத்துங்கள். அடுப்பைக் குறைத்து, தட்டால் பாதி மூடுங்கள். சற்று நேரத்தில் அந்தக் குழி வழியாக நொய்த்தண்ணீர் பொத் பொத்தென்று குமிழ் விட்டு மேலே வந்து மாவின் மேல் வழியும். இந்தச் சத்தம்தான் அளவு. எட்டிலிருந்து பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். மாவின் வெளிறிய சாம்பல் நிறம் ஓரத்திலிருந்து மெல்லக் கருஞ்சிவப்பாக மாறும். பச்சை மாவு வாசம் போய், முதல் மழை பட்ட செம்மண் மாதிரி ஒரு வாசம் எழும்பும். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது அந்த வாசத்தில் நிற்பதற்காகவே நான் அடுப்பங்கரையை விட்டு நகர்வதில்லை.

இப்போது அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை இறக்குங்கள். தரையில் பழந்துணியைச் சுருட்டி அணைகொடுத்து அதன் மேல் வைத்து, ஒருவர் பிடிதுணியால் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கிண்டுவதுதான் புதியவர்களுக்குப் பாதுகாப்பு. பழகியவர்கள் இரண்டு பாதத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தனியாகவே கிண்டிவிடுவார்கள், நீங்கள் அதற்கு அவசரப்பட வேண்டாம். துடுப்பை ஓரத்தில் செருகி, உங்களை நோக்கி இழுத்து, அமுக்கித் திருப்புங்கள். மாவு பாத்திரத்தின் பக்கவாட்டில் நசுங்க வேண்டும், அப்போதுதான் கட்டி உடையும். இறுகிப்போனால் எடுத்துவைத்த கொதிநீரில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பச்சைத் தண்ணீரை விட்டால் மாவு வேகாமல் நின்றுபோகும். ஐந்து நிமிடம் விடாமல் கிண்டினால் களி பளபளவென்று ஒரே பந்தாகத் திரளும். தோள் வலிக்கும், அது சரிதான்.

மறுபடி அடுப்பில் வைத்து, சிறு தீயில் மூடி மூன்று நிமிடம். பிறகு விரலை நனைத்துக் களியைத் தொட்டுப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் வெந்துவிட்டது. ஒட்டினால் இன்னும் இரண்டு நிமிடம். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் தொட்டு, கரண்டியளவு களியைப் போட்டுச் சுழற்றினால் உருண்டையாகிவிடும், சூட்டில் கை வைக்க வேண்டியதில்லை.

சாப்பிடும் விதமும் சொல்லிவிடுகிறேன். களியை மெல்லக்கூடாது. சிறிதாகக் கிள்ளி, நடுவில் கட்டைவிரலால் குழித்து, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டி, முதல் உருண்டையிலேயே வெறுத்துவிடும். முதல் தடவை கிண்டும் களி சரியாக வராது என்பதால், வெயில் அடிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே ஒருமுறை செய்து பாருங்கள்.

பிதுக்கம்பருப்பு

களிக்கு எத்தனையோ குழம்பு உண்டு. மழை நாளுக்கு என் மனசுக்குப் பிடித்தது பிதுக்கம்பருப்புக் குழம்புதான். மொச்சையைத் தோலிலிருந்து பிதுக்கி எடுக்கும் பருப்பு அது. ஓசூர்ப் பக்கம் கன்னடம், தெலுங்கு பேசும் வீடுகளிலும் இதே குழம்பு வேறு பெயரில் கொதிக்கும். மார்கழி, தை மாதங்களில் பச்சை மொச்சைக்காய் வரும், அதில் செய்தால் ருசியே தனி. கார்த்திகைப் புயலுக்குக் காய்ந்த மொச்சைதான் கை கொடுக்கும்.

ஒன்றரை டம்ளர் மொச்சையைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்தால் தோல் உப்பிச் சுருங்கி நிற்கும். விதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் பிடியுங்கள். ஒரு பக்கம் சின்னதாக ஒரு முளைக்கண் இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் அமுக்கினால் தோல் கிழிந்து, உள்ளிருந்து வழுவழுவென்று பருப்பு துள்ளி வெளியே வரும். பாத்திரத்தை முகத்துக்கு நேராக வைக்காதீர்கள், கன்னத்தில் வந்து விழும். தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம்.

இதற்கு வெளிச்சம் வேண்டாம், எரிவாயு வேண்டாம், கைகள் மட்டும் போதும். அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு நாங்கள் ஆறு பேர் ஒரு தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். கூரைத் தகரத்தில் விழும் மழைச் சத்தத்தில் பேசினால் கேட்காது. யாரும் பேசவும் இல்லை. ஏரிக்கரைப் பக்கம் இருந்த சொந்தக்காரர்களின் போன் கிடைக்காமல் எல்லோருக்கும் உள்ளுக்குள் பயம். விரல்கள் மட்டும் பிதுக்கிக்கொண்டே இருந்தன. ஒரு மணி நேரத்தில் தாம்பாளம் வெள்ளையாக நிறைந்தது. பயத்தோடு சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கைக்கு ஒரு வேலை இருந்தது பெரிய ஆறுதல். குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த வேலையை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள், இடிச்சத்தத்தை மறந்துவிடுவார்கள்.

குழம்புக்கு: சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு எட்டுப் பல், இஞ்சி ஒரு துண்டு, தக்காளி மூன்று, மல்லித்தூள் இரண்டு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மஞ்சள்தூள், பட்டை சிறிது, கிராம்பு இரண்டு, தேங்காய் கால் மூடி. கடலை எண்ணெயில் பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை போட்டு, வெங்காயம் சிவக்க வதக்குங்கள். நசுக்கிய இஞ்சி பூண்டு, அடுத்துத் தக்காளி. தக்காளி கரைந்ததும் தூள்களைப் போட்டு ஒரு பிரட்டு பிரட்டி, பருப்பைச் சேர்த்து நான்கு டம்ளர் சுடுநீர் ஊற்றுங்கள். இதைக் குக்கரில் வைக்காதீர்கள், ஒரு விசிலிலேயே பருப்பு கரைந்து கூழாகிவிடும். திறந்த பாத்திரத்தில் நடுத்தரத் தீயில் இருபது, இருபத்தைந்து நிமிடம். பச்சைக் காயின் பருப்பு என்றால் பதினைந்து போதும். விரலில் நசுக்கினால் மசிய வேண்டும், ஆனால் கரண்டியில் உருக்குலையாமல் நிற்க வேண்டும். உப்பு, தேங்காய் இரண்டும் கடைசியில். அரைத்த தேங்காய் இல்லாவிட்டால் துருவலை இடிகல்லில் நசுக்கிப் போடுங்கள். ஐந்து நிமிடம் கொதித்ததும் இறக்கலாம். கத்திரிக்காய், உருளைக்கிழங்கு இருந்தால் தக்காளியோடு சேர்த்துக்கொள்ளலாம்.

கொள்ளு: ஒரே வேகவையில் இரண்டு பண்டம்

எரிவாயு குறைவாக இருக்கும் நாளில் கொள்ளுக்கு மிஞ்சியது இல்லை. அரை டம்ளர் கொள்ளை வாசம் வரும்வரை வறுத்து, கழுவி, இரவே ஊறவையுங்கள். நான்கு டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் ஏழு, எட்டு விசில். ஆவி தானாக அடங்கும்வரை திறக்காதீர்கள், அந்தச் சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் வேகும். தண்ணீரை வடித்துக்கொள்ளுங்கள், அது ரசத்துக்கு. கொள்ளு, கடையலுக்கு.

ரசம்: சின்ன நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, ஒரு தக்காளியைக் கையால் பிசைந்துவிட்டு, மஞ்சள்தூள், உப்போடு பச்சை வாசம் போகக் கொதிக்கவிடுங்கள். புளிக்கு இந்தப் பக்கம் பேர் போனது, கிருஷ்ணகிரிப் புளி பல மாநிலங்களுக்குப் போகிறது. மிளகு, சீரகம் ஒவ்வொரு தேக்கரண்டி, பூண்டு ஐந்து பல், இடிகல்லில் ஒன்றிரண்டாக நசுக்கிப் போட்டு, கொள்ளுத் தண்ணீரை ஊற்றுங்கள். நுரை கட்டி ஓரத்தில் எழும்பும்போது இறக்கிவிட வேண்டும், கொதிக்கவிட்டால் கசக்கும். கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளிப்பு. டம்ளரில் ஊற்றி அப்படியே குடிக்கலாம், நனைந்து வந்தவருக்கு முதலில் இதைத்தான் கொடுப்போம்.

கடையலுக்கு வெங்காயம், பச்சை மிளகாய், இரண்டு பல் பூண்டு வதக்கி, வெந்த கொள்ளோடு சேர்த்து மத்தால் கடையுங்கள். முழுதாக மசிய வேண்டாம், பாதிக் கொள்ளு பல்லில் தட்டுப்பட வேண்டும். களிக்கும் சரி, சோற்றுக்கும் சரி.

சாயங்காலப் பசிக்கு

வேர்க்கடலையைத் தோலோடு உப்புப் போட்டு வேகவைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு மரவள்ளிக்கிழங்கு கிடைக்கும். ஆனால் அதைப் புதியவர்கள் கவனமாகச் செய்ய வேண்டும். பழுப்புத் தோலை மட்டுமல்ல, அதற்கு அடியில் ஒட்டியிருக்கும் தடித்த உள்தோலையும் உரித்துவிடுங்கள். நிறையத் தண்ணீரில், மூடாமல், நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் இயற்கையாகவே இருக்கும் நச்சு அப்படித்தான் வெளியேறும். பச்சையாகக் கடித்துப் பார்ப்பதே கூடாது. கசக்கும் கிழங்கைத் தூக்கி எறியுங்கள்.

சித்திரை, வைகாசியில் வரும் சூறைக்காற்று வேறு வகை. ஒரு மணி நேரம்தான், ஆனால் கிருஷ்ணகிரித் தோப்புகளில் மாங்காயை உதிர்த்துக் குவித்துவிடும். விவசாயிக்குப் பெரிய நஷ்டம். மறுநாள் சாலையோரத்தில் கூறு கட்டி விற்பார்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். அடிபட்ட மாங்காய் ஊறுகாய்க்கு நிற்காது. துவரம்பருப்போடு வேகவைத்து மாங்காய்ப் பருப்பு செய்துவிடலாம், அன்றைக்குப் புளி வேண்டாம்.

அடுப்பருகே கவனம்

சாரல் அடிக்கிறது என்று எல்லா சன்னலையும் சாத்திவிட்டுச் சமைக்காதீர்கள், ஒன்றாவது திறந்திருக்கட்டும். கரி அடுப்பையோ விறகு அடுப்பையோ அறைக்குள் கொண்டுவரவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். சிலிண்டர் பக்கத்தில் மெழுகுவர்த்திக்குப் பதில் டார்ச். வாயுக் கசிவு வாசம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குச் சொல்லுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கினால் சமையலை விட்டுவிட்டு மேடான இடத்துக்குப் போய்விடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. வெள்ளநீர் பட்ட மாவு, அரிசி, காய் எதுவானாலும் கழுவி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், சாக்கடையும் கலந்த தண்ணீர் அது. குடிநீர் கலங்கலாகத் தெரிந்தால் துணியில் வடிகட்டி, நன்றாகக் கொதி வந்தபின் இன்னும் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு ஆறவையுங்கள்.

மறுநாள் காலை

இரவு மிஞ்சிய களி உருண்டைகளைத் தண்ணீரில் மூழ்கும்படி போட்டு மூடி வையுங்கள். காலையில் லேசாகப் புளித்திருக்கும். கையால் பிசைந்து கரைத்து, முதல் நாள் தோய்த்த தயிரை மோராக்கி ஊற்றி, உப்பு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்தால் கூழ். அடுப்பே பற்றவைக்க வேண்டாம். தொட்டுக்கொள்ளத் தக்காளித் தொக்கு. மாடித் தம்பிகள் அன்று காலை ஆளுக்கு இரண்டு சொம்பு குடித்துவிட்டுத்தான் தண்ணீர் வடிந்திருக்கிறதா என்று தெருவில் இறங்கிப் பார்த்தார்கள். ஒரு மாதத்துக்குள் அவர்களும் ஒரு துடுப்பு வாங்கிவிட்டார்கள்.

துடுப்பு புதியது என்றால் முதல் நாள் சோறு வடித்த கஞ்சியில் ஊறவைத்துக் கழுவுங்கள், மரவாசம் போகும். ஒவ்வொரு தடவையும் ஒட்டிய களி ஊறியபின் நாரால் தேய்த்து, வெயில் வந்ததும் காயவையுங்கள். ஈரத்தோடு மூலையில் சாத்தினால் அடுத்த மழைக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.